சூட்கேசில் வந்த சூரணமும் கனடாக் குளிசையும்

கனடாவில் குடும்ப வைத்தியர் கிடைத்ததும் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "என்ன மருந்து எடுக்கிறீர்கள்?" நாங்கள் பிரஷர் குளிசையின் பெயரைச் சொல்வோம். காலையில் வெறும் வயிற்றில் குடிக்கிற சிறுகுறிஞ்சாத் தூளைச் சொல்லமாட்டோம். அது மருந்துக் கணக்கில் வராது என்பது எங்கள் நினைப்பு.

வரும். சிறுகுறிஞ்சாவும் இரத்தத்தில் சீனியைக் குறைக்கும். இன்சுலின் அல்லது கிளிக்லசைட் என்ற சீனி வருத்தக் குளிசை எடுப்பவருக்கு இரண்டும் சேர்ந்து சீனியை அளவுக்கு மீறி இறக்கலாம். அதிமதுரத்தைத் தொடர்ந்து எடுத்தால் பிரஷர் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். அமுக்கிராக் கிழங்கு தைரொய்ட் அளவுகளை மாற்றலாம், தூக்கக் குளிசையோடு சேர்ந்தால் மயக்கத்தைக் கூட்டலாம். ஈரலைப் பாதித்த சம்பவங்களும் பதிவாகியுள்ளன. கர்ப்பிணிகள் அதைத் தொடவே வேண்டாம். கறிக்குப் போடும் மஞ்சளைப் பற்றிப் பயமில்லை. மிளகுச் சாறு சேர்த்து அடர்த்தியாக்கிய மஞ்சள் கப்சூல் வேறு விஷயம். அதாலும் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுப்பவர் கேட்காமல் அதை வாங்கக்கூடாது.

ஊரில் நீங்கள் கேள்விப்படாத ஒன்றும் இங்கே கடைத் தட்டில் இருக்கும்: செயின்ட் ஜோன்ஸ் வோர்ட் (St. John's Wort) என்ற மூலிகை. முதல் குளிர்காலத்தில் மனம் சோர்ந்துபோகும்போது யாராவது சொல்லித் தருவார்கள். கருத்தடைக் குளிசையின் பலனை அது குறைத்துவிடும். மனச்சோர்வுக்கு வைத்தியர் தந்த மருந்தோடு சேர்ந்தால் ஆபத்து.

வாங்கும்போது போத்தலில் என்பிஎன் (NPN) என்ற எழுத்துகளையும் அதற்குப் பக்கத்தில் 8 இலக்கங்களையும் தேடுங்கள். ஹெல்த் கனடா அந்தத் தயாரிப்புக்கு அனுமதி கொடுத்திருக்கிறது என்பதற்கான எண் அது. அவர்களுடைய இணையத்தளத்தில் அடித்துப் பார்க்கலாம். எண் இருப்பதாலேயே உங்கள் மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகும் என்று எடுக்கவேண்டாம். எண்ணே இல்லாத லேகியம், பஸ்பம், செந்தூரம் எங்கள் கடைகளிலும் கிடைக்கும். தெரிந்த கடைக்காரர் என்பது பரிசோதனை ஆகாது. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டன் பகுதித் தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆசனிக்கோ இருந்தது. பிள்ளைகளுக்கு இவற்றைக் கொடுக்கவே வேண்டாம்.

வைத்தியரிடம் இடம் கிடைக்கும்வரை பார்மசிக்காரரைக் கேளுங்கள், கேட்பதற்குக் காசில்லை. எல்லாப் போத்தலையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனால் பெயர் தெரியவில்லையே என்ற சங்கடமும் இல்லை. சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்தால் உடனே சொல்லுங்கள். பலவற்றை இரண்டு கிழமைக்கு முன்னரே நிறுத்தச் சொல்வார்கள்.

கண் மஞ்சளாகி, சிறுநீர் கடும் நிறத்தில் போனால் தூளை நிறுத்திவிட்டு அன்றே வைத்தியரிடம் போங்கள். ஒன்ராறியோவில் 811 அடித்தால் எந்த நேரமும் தாதியோடு பேசலாம், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். பிள்ளை எதையாவது எடுத்து விழுங்கிவிட்டால் நஞ்சு உதவி எண் 1-844-764-7669. மூச்சுத் திணறினாலோ மயங்கினாலோ 911. அம்புலன்ஸ் வந்தால் அந்தப் போத்தலையும் கையோடு எடுத்துப் போங்கள்.