லிப்பிட் ரிப்போர்ட் கையில் இருந்தால் இந்தக் கழித்தலைப் போட்டுப் பாருங்கள்

நம்மில் பலர் லேபில் லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) ரிப்போர்ட் வாங்கியதும் மொத்தக் கொலஸ்ட்ரால் 200-க்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறோம். அது போதாது. என் சித்தப்பாவின் ரிப்போர்ட்டில் மொத்தம் 196, எச்.டி.எல். என்ற நல்ல கொலஸ்ட்ரால் 34. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் 196-இல் 34-ஐக் கழித்தால் 162 வருகிறது, பொதுவாக அது 130-க்குள் இருக்க வேண்டும். ரத்தக்குழாயில் படியக்கூடிய கொழுப்பு எல்லாம் இந்த எண்ணுக்குள் வந்துவிடும், சாப்பிட்டுவிட்டுப் போய் ரத்தம் கொடுத்தாலும் பெரிதாக மாறாது.

அப்புறம், அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65-க்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் லைப்போபுரோட்டீன் (ஏ) என்ற ரத்தக் கொழுப்புத் துகளுக்கான பரிசோதனையைக் கேட்டு எடுங்கள். வழக்கமான லிப்பிட் பரிசோதனையில் இது இருக்காது. பரம்பரையாக வருவது, நடையாலும் பத்தியத்தாலும் குறையாது, அதனால் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் போதும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் என்றால் மற்ற எண்களில் இன்னும் கண்டிப்பு வேண்டும்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் பொரியலும் நேந்திரங்காய் சிப்ஸும் தேங்காய் எண்ணெயில்தான், அது எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும். முழுக்க விட வேண்டாம், பொரிப்பதைக் குறைத்தாலே நல்லது.

பிரஷர், சர்க்கரை, புகைப்பழக்கம் எல்லாம் சேர்த்துத்தான் டாக்டர் முடிவு சொல்வார், பழைய ரிப்போர்ட்டையும் கொண்டு போங்கள். நெஞ்சு வலிக்கிறது என்றால் லேபுக்குப் போகாதீர்கள், 108-ஐ அழைத்து நேராக ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ போய் ஈ.சி.ஜி. எடுங்கள்.