ட்ரிக் ரூம் விழவில்லையா? பேயைப் போடுங்கள்

போகிமான் ஸ்கார்லெட் இரட்டையர் ஆட்டத்தில் என் ஹாட்டரீன் போகிமானால் ட்ரிக் ரூமே (மெதுவானவை முதலில் நகரச் செய்யும் நகர்வு) போட முடியவில்லை. எதிரே இன்சினரோர் இறங்கியதும் ஃபேக் அவுட், அதாவது முந்தி அடித்துத் தடுமாற வைக்கும் நார்மல் வகை அடி. அந்தச் சுற்று காலி. நாள்கணக்கில் எரிச்சல். தற்காப்பை ஏற்றினேன், பயனில்லை, தடுமாறச் செய்வதற்கு அடியின் பலம் தேவையில்லை. ஆமுங்கஸை வைத்து ரேஜ் பவுடரால் (எதிரியின் அடியைத் தன் பக்கம் இழுக்கும் நகர்வு) திருப்பப் பார்த்தேன். அதன் முன்னுரிமை (அதிகமுள்ள நகர்வே முதலில் நடக்கும்) +2, ஃபேக் அவுட்டுக்கு +3. முந்திவிடும்.

அப்புறம் டஸ்க்ளாப்ஸைப் போட்டேன். பேய் வகை மேல் நார்மல் அடி படாது. ஈவியோலைட் (இன்னும் பரிணமிக்கக்கூடிய போகிமானுக்கு உதவும் பொருள்) கொடுத்தால் இரு தற்காப்பும் 1.5 மடங்கு, அதனால் பரிணமித்த டஸ்க்நாயரைவிட இதுவே உறுதி. பொருளைத் தட்டிவிடும் நாக் ஆஃப் அடி வந்தால் மட்டும் சிக்கல்.

பலர் கவனிக்காதது: அதே சுற்றில் வேறு வகைக்கு டெராஸ்டலைஸ் செய்தால் பேய் வகை போய்விடும், ஃபேக் அவுட் படும். ட்ரிக் ரூம் விழும்வரை டெராவைத் தொடுவதில்லை.