கணக்கு நோட்டோடு ஒரு கம்ப்யூட்டர் டிகிரி

தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்கிற பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வீடு கானாடுகாத்தானில். 36 வயதில் ஆன்லைன் பிசிஏ சேர்ந்து, இப்போது இரண்டாம் வருஷம். "நானும் சேரலாமா அக்கா?" என்று கேட்கிற பிள்ளைகளுக்குச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பணம் கட்டும் முன் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தைத் திறந்து பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரப்போகிற படிப்பும், சேரும் பருவமும் அனுமதிப் பட்டியலில் இருக்க வேண்டும். ஏபிசி ஐடி (படிப்பில் வாங்கும் புள்ளிகளைச் சேர்த்து வைக்கும் கணக்கின் எண்), அதை வைத்து டெப் ஐடி (தொலைநிலை, ஆன்லைன் படிப்பில் சேர அந்தப் பிரிவு தரும் எண்), இரண்டையும் நீங்களே எடுங்கள். ஏஜென்ட் கையில் ஆதாரைக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது உட்காரும் இடம். எங்கள் ஊர் வீட்டுச் சுவரின் கனத்துக்கு உள்ளே சிக்னல் நிற்காது. முதல் பருவத்தில் வீட்டின் உள்பக்கம், இரண்டாங்கட்டில் உட்கார்ந்து ராத்திரி 11:50க்கு அசைன்மென்ட்டை ஏற்றினேன். பாதியில் சுற்றிக்கொண்டே இருந்தது, நேரம் முடிந்துவிட்டது. மதிப்பெண் போனது. அன்றைக்கு அழுதேன். இப்போது முகப்புத் திண்ணையில்தான் படிப்பு. வீடியோவை விடியற்காலையிலேயே இறக்கி வைத்துவிடுவேன். அசைன்மென்ட் இரண்டு நாள் முன்னாலேயே போய்விடும்.

சரி, படிக்கிற விதத்துக்கு வருவோம். மூன்று மாதம் வீடியோ மட்டுமே பார்த்தேன். எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது, சொந்தமாக நாலு வரி எழுத வரவில்லை. என்னைக் காப்பாற்றியது பட்டறையில் எழுதுகிற அதே கோடு போட்ட கணக்கு நோட்டுதான்.

பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில், ஒன்றிலிருந்து ஐந்து வரை கூட்டும் ப்ரோக்ராம் எழுதியிருந்தேன். எந்த எண்ணிலிருந்து எதுவரை சுற்ற வேண்டும் என்று சொல்ல ரேஞ்ச்(1, 5) என்று போட்டிருந்தேன். விடை 15 வர வேண்டும், திரையில் 10 வந்தது. நோட்டில் இரண்டு பத்தி போட்டேன்: ஒன்று சுற்றின் எண், மற்றொன்று மொத்தம். சுற்று 1, மொத்தம் 1. சுற்று 2, மொத்தம் 3. அப்புறம் 6, அப்புறம் 10. நாலாவது வரியிலேயே திரையில் வந்த 10 வந்துவிட்டது, ஐந்தாவது சுற்று ஓடவே இல்லை. பைத்தானில் ரேஞ்சின் இரண்டாவது எண் கணக்கில் சேராது. ரேஞ்ச்(1, 6) என்று மாற்றியதும் 15 வந்தது. நாள் முடிவில் கல்லாவில் பணம் குறைந்தால் வரவு செலவை வரிவரியாக ஓட்டிப் பார்ப்போமே, அதே வேலைதான். எந்தப் புது ப்ரோக்ராமையும் இப்படிக் கையால் ஒரு தடவை ஓட்டாமல் நான் அடுத்த பாடத்துக்குப் போவதில்லை.

பல்கலைக்கழக வீடியோவில் புரியாததை என்பிடெலில் (ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பாடத் தளம்) தேடுங்கள். பைத்தானுக்கும் அல்காரிதத்துக்கும் (ஒரு கணக்கைப் படிப்படியாகத் தீர்க்கும் வழிமுறை) சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் எடுத்த பாடம் அங்கே இருக்கிறது. அவ்வளவு நிதானமாகச் சொல்லித் தருகிறார். பார்க்கக் காசு இல்லை, சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம்.

நேரம் எப்படி என்று கேட்பார்கள். வேலை நாளில் காலை நாலரையிலிருந்து ஆறு வரை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை, கூடப் படிக்கிற தேவகோட்டைப் பெண்ணுக்குப் போன் போட்டு அந்த வாரப் பாடத்தைத் தமிழில் வாய்விட்டுச் சொல்வேன். எந்த இடத்தில் தடுமாறுகிறேனோ அதை அவள் குறித்துக்கொள்வாள். திங்கட்கிழமை காலை நோட்டைத் திறந்ததும் முதலில் அந்த இடம்தான்.