சத்தம் கூட்டினால் அணைந்துபோன ரிசீவர்

படத்தில் வெடிச்சத்தம் வந்தாலே ஹோம் தியேட்டர் ரிசீவர் (ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பெருக்கி அனுப்பும் பெட்டி) அணைந்தது. முதலில் மின்சாரத்தைத் துண்டித்து ஸ்பீக்கர் வயர்களைப் பார்த்தேன். ஒரு செம்பு இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் பாதுகாப்புச் சுற்று அணைத்துவிடும். இழைகளை இறுக்க முறுக்கியும் தீரவில்லை. ஸ்பீக்கர்களின் மின்தடை 4 ஓம்; ரிசீவருக்குக் குறைந்தது 6 ஓம் வேண்டும். அதே வோல்டேஜில் 4 ஓம், 6 ஓம் இழுப்பதைப்போல ஒன்றரை மடங்கு கரண்ட் இழுக்கும். மெனுவில் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை (பேஸ் பிரியும் எல்லையை) 80 ஹெர்ட்ஸில் வைத்து, அதற்குக் கீழுள்ள பேஸ் முழுவதையும் சப்ஊஃபர் என்ற தனி பேஸ் ஸ்பீக்கருக்குத் தள்ளியதும், அணைவது நின்றது. ஆனாலும் சத்தத்தை அளவோடுதான் வைக்கிறேன்.

வாங்குபவர்கள் அட்டைப்பெட்டியின் பெரிய வாட் எண்ணை நம்பவேண்டாம். பெரும்பாலும் அது ஒரே சேனலை (ஒரு ஸ்பீக்கருக்கான வழியை) மட்டும் 1 கிலோஹெர்ட்ஸில் அளந்தது. இரண்டு சேனலும் ஓடும்போது, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 8 ஓமில் எத்தனை வாட் என்று பாருங்கள். 4 ஓமுக்கு அனுமதி உண்டா என்பது கையேட்டில் இருக்கும்.