மெலியாய்டோசிஸ் கிருமியோட வம்சாவளி: சறுக்கல் எங்கெங்க வருது

பர்கோல்டேரியா சூடோமாலி, மெலியாய்டோசிஸ் நோய் குடுக்குற, சேத்துலயும் வயல் மண்ணுலயும் வாழுற கிருமி. சர்க்கரை வியாதிக்காரங்கள கண்டா விடாது. ரங்கூன்ல விட்மோரும் கிருஷ்ணசாமியும் சேர்ந்து இத முதல்ல அடையாளம் கண்டு 1912ல எழுதுனாங்க. 1992 வரைக்கும் இதுக்கு பேரு சூடோமோனாஸ் சூடோமாலி, அதனால பழைய பேப்பர் தேடும்போது ரெண்டு பேரையும் போட்டு தேடுங்க, இல்லன்னா பாதி விஷயம் கண்ணுலயே படாது.

இதோட வம்சாவளி பாக்குறதுல மொத தப்பு, பாக்டீரியாவ அடையாளம் காண வழக்கமா பாக்குற 16எஸ் ஜீன் ஒண்ண மட்டும் படிச்சிட்டு முடிவு சொல்லிடுறது. தாய்லாண்டென்சிஸ்னு ஒரு நெருங்கின சொந்தம் இருக்கு, அதுவும் மண்ணுலதான் இருக்கும், மனுஷனுக்கு நோய் வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம். இந்த கிருமிய லேப்ல வளக்குற ஆஷ்டவுன் அகார்ல ரெண்டுமே சுருக்கம் விழுந்த காலனியாதான் வளரும், 16எஸ்லயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. அராபினோஸ் சர்க்கரை குடுத்து பாத்தா தாய்லாண்டென்சிஸ் சாப்பிடும், சூடோமாலி தொடாது, இவ்ளோ சிம்பிளான டெஸ்ட விட்டுட்டு ரிப்போர்ட் எழுதாதீங்க ப்ளீஸ்.

அடுத்தது குதிரைக்கு கிளாண்டர்ஸ் நோய் குடுக்குற பர்கோல்டேரியா மாலிங்குற கிருமி. இதையும் சூடோமாலியையும் அண்ணன் தம்பின்னு வரையுறாங்க, அது சரியில்ல, சூடோமாலியோட வம்சாவளி மரத்துக்கு உள்ளேர்ந்தே கிளம்புன ஒரு கிளைதான் மாலி. மண்ண விட்டுட்டு விலங்கு உடம்புக்குள்ளயே தங்கிட்டதால தேவையில்லாத ஜீன் எல்லாம் உதிர்ந்து போச்சு, சூடோமாலிக்கு ஜீனோம், அதாவது மொத்த டிஎன்ஏ, சுமார் 72 லட்சம் எழுத்துன்னா மாலிக்கு 58 லட்சம்தான்.

ஆனா நிறைய பேர் விழுற குழி எஸ்டி நம்பர்தான். எம்எல்எஸ்டிங்குற வகைப்படுத்துற முறைல ஏழு ஜீன் மட்டும் பாத்து ஒவ்வொரு ரகத்துக்கும் எஸ்டின்னு ஒரு நம்பர் குடுப்பாங்க, நம்பர் ஒண்ணா இருந்தா ஒரே வழி வந்ததுன்னு எழுதிடுறாங்க. கம்போடியாலயும் ஆஸ்திரேலியாலயும் ஒரே எஸ்டி கிடைச்சப்போ முழு ஜீனோம் படிச்சு பாத்தாங்க, ரெண்டும் சம்பந்தமே இல்லாத வம்சம், நம்பர் தற்செயலா ஒத்துப் போயிருக்கு. காரணம் என்னன்னா இந்த கிருமி பக்கத்துல இருக்குற கிருமிகிட்டேர்ந்து டிஎன்ஏ துண்ட அள்ளிக்கிட்டே இருக்கும், ரீகாம்பினேஷன் அவ்ளோ அதிகம். அந்த துண்டுகள கப்பின்ஸ் மாதிரி டூல் வச்சு ஒதுக்காம மரம் போட்டா, கடன் வாங்குன டிஎன்ஏவையும் பரம்பரைன்னு நினைச்சு கிளைய தப்பா பிரிச்சு காட்டிடும்.

சரியா பண்ணா எவ்ளோ பலன்னு 2021ல அமெரிக்காவுல தெரிஞ்சுது. நாலு மாநிலத்துல நாலு பேருக்கு நோய், யாரும் வெளிநாடு போனதில்ல, ரெண்டு பேர் இறந்துட்டாங்க. ஜீனோம் பாத்தா நாலும் ஒரே மூலம், தெற்காசிய ரகங்களுக்கு கிட்ட வருது. கடைசில ஜார்ஜியாவுல ஒரு நோயாளி வீட்டுல இருந்த, இந்தியாவுல தயாரான வாசனை ஸ்ப்ரே பாட்டில்ல அதே கிருமி இருந்துச்சு.

இன்னொண்ணு, டேட்டாபேஸ்ல தாய்லாந்து, ஆஸ்திரேலியா ஜீனோம்தான் குவிஞ்சு கிடக்கு. உங்க ஸ்ட்ரெயினுக்கு, அதாவது உங்ககிட்ட இருக்குற கிருமி ரகத்துக்கு, கிட்ட வர்றது தாய்லாந்து ஸ்ட்ரெயின்னு காட்டினா, அங்கேர்ந்து வந்ததுன்னு எழுதிடாதீங்க, நம்ம பக்கத்து ஜீனோம் அதுல கம்மியா இருக்குறதாலயும் அப்படி காட்டலாம். உங்ககிட்ட இருக்குறத எந்த ஊரு, எந்த வருஷம், மண்ணா நோயாளியான்னு குறிச்சு டேட்டாபேஸ்ல ஏத்தி விடுங்க, அடுத்து மரம் போடுறவங்களுக்கு ஒப்பிட நம்ம ஊரு ஸ்ட்ரெயினும் கிடைக்கும்.