சட்டம் படிக்க விரும்புவோர் பதினோராம் வகுப்பில் எந்தக் குரூப்பைத் தேர்ந்தெடுப்பது?

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர இன்ன குரூப்பில்தான் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. வழக்கறிஞர் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகள் பொதுப் பிரிவினருக்கு 45 விழுக்காடு, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 விழுக்காடு என்று குறைந்தபட்ச மதிப்பெண்ணைக் கேட்கின்றனவே தவிர, பாடத்தைக் கேட்பதில்லை. ஆகவே குரூப்பைப் பற்றி யோசிக்கும் முன், எந்த வழியாகச் சட்டக் கல்லூரிக்குள் நுழையப் போகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டில் முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. அரசு சட்டக் கல்லூரிகளுக்கு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் நடத்தும் சேர்க்கையில் நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. திருச்சியிலுள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கோ, தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுதியாக வேண்டும். முதல் வழியை நம்பியிருப்பவர், "சயின்ஸ் குரூப் எடுத்தால் எல்லாக் கதவும் திறந்திருக்கும்" என்று உறவினர் சொல்வதைக் கேட்டு, பிடிக்காத இயற்பியலோடும் வேதியியலோடும் இரண்டு ஆண்டுகள் மல்லுக்கட்டினால், தனக்குத் தேவையான ஒரே கதவைத் தானே சாத்திக்கொள்கிறார். உங்களுக்கு உண்மையாகவே மதிப்பெண் வரும் குரூப் எதுவோ அதுவே முதல் தேர்வாக இருக்கட்டும்.

இரண்டு குரூப்புகளில் மதிப்பெண் ஏறக்குறைய ஒன்றாகவே வரும் என்றால், நான் வரலாறும் அரசியல் அறிவியலும் உள்ள கலைப் பிரிவைச் சொல்வேன். அரசமைப்பு, சட்டமன்றம், நீதித்துறை ஆகியவை பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூலிலேயே வருகின்றன. கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கில் 1951இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. அதே ஆண்டில் அரசமைப்பின் முதல் திருத்தம் வந்து, பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தரும் 15(4) பிரிவு சேர்ந்தது. நீதிக்கட்சிக் காலத்து வரலாற்றை அறிந்த மாணவருக்கு இந்தத் தீர்ப்பின் பின்புலம் தானாக விளங்கும். அறியாதவர் அதை வெறும் பிரிவு எண்ணாக மனப்பாடம் செய்வார். குறை ஒன்று உண்டு: பல தனியார் பள்ளிகளில் இந்தக் குரூப் இருப்பதே இல்லை.

அப்படியானால் வணிகவியல் பிரிவு நல்ல மாற்று. காசோலை வழக்கு, கூட்டாண்மை, வரி, நிறுமச் (கம்பெனி) சட்டம் எல்லாவற்றிலும் கணக்கைப் படிக்கத் தெரிந்தவருக்கு வேலை எளிது. சட்டத்துக்குக் கணிதம் வேண்டாம் என்பதும் முழு உண்மையன்று. 32 வயதில் சாலை விபத்தில் இறந்த ஒருவர் மாதம் 18,000 ரூபாய் ஈட்டினார், அவரை நம்பி நால்வர் இருந்தனர் என்று கொள்வோம். குடும்பத்துக்குரிய இழப்பீட்டை இப்படிக் கணக்கிடுவார்கள். ஆண்டு வருமானம் 2,16,000. அவருடைய சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 1,62,000. இழப்பீட்டுக் கணக்கில் அந்த வயதுக்கென வகுத்த 16 என்ற பெருக்கியால் பெருக்கினால் 25,92,000. வருங்கால வருமான உயர்வு முதலியவற்றை இங்கே விட்டிருக்கிறேன். வேண்டியது இவ்வளவு கணக்குத்தான். அதற்காகத் தனியே கணிதக் குரூப்புக்குப் போக வேண்டியதில்லை.

அறிவியலில் ஆர்வம் உள்ளவர் அதை விட வேண்டாம். கண்டுபிடிப்பாளர்களுக்காகக் காப்புரிமை விண்ணப்பங்களைக் கையாளும் காப்புரிமை முகவருக்கான தேர்வுக்குக் காப்புரிமைச் சட்டம் அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் கேட்கிறது. அந்தத் துறையை நாடுபவர் பி.எஸ்சி. முடித்துவிட்டு மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கு வருவது பொருத்தம்.

கிளாட் எழுதுவோருக்குக் குரூப்பைவிட ஆங்கில வாசிப்பே பெரிது. 120 நிமிடங்களில் 120 வினாக்கள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். பெரும்பாலான வினாக்கள் நீண்ட பத்திகளை ஒட்டியே வரும். கணிதப் பகுதி பத்தாம் வகுப்புத் தரத்தைத் தாண்டாது. பதினோராம் வகுப்பிலேயே ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைத் தினமும் படித்து, அதன் வாதத்தை நான்கு வரிகளில் எழுதிப் பழகலாம். அதற்காகத் தமிழைத் தள்ளிவிடக் கூடாது: உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம் என்றாலும், கீழமை நீதிமன்றங்களில் சாட்சி தமிழில்தான் பேசுகிறார்.

ஐந்தாண்டுப் படிப்பில் பி.ஏ., பி.பி.ஏ., பி.காம்., பி.சி.ஏ. என்று இணைப் பட்டங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றை மனத்தில் வைத்திருந்தால், பத்தாம் வகுப்பு விடுமுறையிலேயே அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப்பள்ளியின் சேர்க்கைக் கையேட்டை எடுத்து, அந்தப் பட்டத்துக்கான தகுதிப் பகுதியை ஒருமுறை வரி விடாமல் படித்துவிட்டுப் பிறகு பள்ளியில் பதினோராம் வகுப்பு விண்ணப்பத்தை நிரப்புங்கள்.