வேளாண் கண்காட்சிக்கு வாண்டையும் கூட்டிப் போகிறீர்களா?

கோவை கொடிசியா அக்ரி இன்டெக்ஸ் போன்ற கண்காட்சி என்றால் காலையில் கதவு திறந்ததும் நுழைந்துவிடுங்கள். முதல் வேலையாக உங்கள் செல் எண்ணைப் பிள்ளையின் முன்கையில் பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள். பையில் வைத்த சீட்டு எப்படியும் தொலையும். நிற்கிற டிராக்டரில் ஏறி உட்காரட்டும். ஆனால் ஓட்டிக் காட்டும் ரோட்டவேட்டர் (டிராக்டரில் மாட்டி மண்ணைக் கிளறும் கருவி) பக்கம் வேண்டாம்: சுழலும் தண்டு துப்பட்டா நுனியைப் பிடித்தாலும் ஆளையே இழுத்துவிடும்.

விதைக் கடையில்தான் கண் இருக்க வேண்டும். இளஞ்சிவப்பிலும் நீலத்திலும் மினுக்கும் விதைகள் பார்க்க மிட்டாய் மாதிரியே இருக்கும். அது பெரும்பாலும் பூஞ்சணக்கொல்லிப் பூச்சு. தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிய பிறகுதான் முறுக்கு.

ஒட்டு மாங்கன்றைக் கிளம்பும்போது வாங்குங்கள். ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே துளிர் இருந்தால் கிள்ளிவிடுங்கள், விட்டால் அடியில் வேராக இருக்கும் வேர்ச்செடிதான் மேலோங்கும்.